கடலில் விழுந்த முப்பத்தொரு புள்ளிகள்

வியாழக்கிழமை, காலை 5.40

மாட்டுத்தாவணியில் ராமநாதபுரம் பஸ் கிளம்பியபோது என் மடியில் பத்தொன்பது பக்க ஜெராக்ஸ் கட்டும், அதன் மேல் ஒரு ஜி.பி.எஸ். கருவியும் இருந்தன. கருவி இரவல். கட்டு மட்டும் என் சொந்தம், பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டி அரசாங்கத்திடம் வாங்கியது. கண்டக்டர் நாற்பத்தொரு ரூபாய்க்கு டிக்கெட் கிழித்துக்கொண்டே, டிவி ரிமோட்டை எதற்கு ஊருக்குத் தூக்கிப்போகிறீர்கள் என்று கேட்டார். செயற்கைக்கோளைக் கேட்டு நாம் நிற்கிற இடத்தைச் சொல்லும் பெட்டி இது என்றேன்.

"நாம நிக்கிற எடம் நமக்கே தெரியுமேக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். பரமக்குடி வரை அதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

இது 2009 மார்ச்சில் நடந்தது. மதுரையில் கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த பிறகு, பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டிய மனுக்களை ஊரார் சார்பில் அடித்து அடித்து விரல் தேய்ந்தது. ஒரு நாள் எனக்கென்று ஒன்று அடித்தேன். ராமநாதபுரம் கடற்கரை ஊராட்சிகளில் பொதுக் குடிநீர்க் குழாய்கள் எங்கெங்கே உள்ளன, பட்டியல் தருக. தந்தார்கள்.

குழாய்ப் பட்டியலை வைத்து என்ன செய்வாய் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். இணையத்தில் ஒரு பொது வரைபடம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் தம் ஊரை அதில் சேர்க்கலாம், யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். மதுரையில் நாங்கள் ஏழு பேர் ஞாயிறுதோறும் தெருத்தெருவாகப் போய் இதைச் செய்கிறோம். அந்த வரைபடத்தில் இந்தக் கடற்கரைப் பக்கம் ஒரு மெயின் ரோடு போகும், அப்புறம் வெள்ளையாக ஒன்றுமில்லாமல் கிடக்கும். எங்கே குழாய் இருக்கிறது என்று தெரிந்தால்தானே எங்கே இல்லை என்று மனு எழுத முடியும்? மக்கள் காசில் சேர்த்த விவரத்தைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. விவரத்தை மறைத்து வைக்கிற ஆள் யாராக இருந்தாலும் ஆகாது என்று அன்றைக்கு நான் சொல்லித் திரிந்தேன். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என்னை நானே இடித்துக்கொள்ள உதவும்.

வியாழன், காலை 11.00

ராமநாதபுரத்தில் இன்னொரு பஸ் பிடித்து, கீழக்கரை, ஏர்வாடி வழியாக வாலிநோக்கம் வந்து இறங்கினேன். சுமார் நாற்பது கிலோமீட்டர், பதினாறு ரூபாய். இறங்கியதும் கண் கூசியது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம், நடுவில் ஊர். வெயிலுக்கு எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது என்று தெரியவில்லை.

பட்டியலைப் பிரித்தேன். முதல் குழாய்: "அப்துல் காதர் வீட்டுக்கு எதிரில்." விசாரித்ததில் ஊரில் அப்துல் காதர்கள் ஆறு பேர், அதில் நான்கு பேர் சவுதியில். இரண்டாவது: "வேப்பமரத்தடி." மரத்தை வெட்டி வெகுகாலம் ஆகிறது, குழாய் இருக்கிறது. மூன்றாவது: "பழைய குழாய்க்கு அருகில் புதிய குழாய்." இதை எழுதிய மனிதரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. கோபத்தில் இல்லை, ஒரு டீ வாங்கிக் கொடுக்கத்தான். ஊரையே தலைக்குள் வைத்திருந்தவர் போலிருக்கிறது, அதனால்தான் காகிதத்தில் எழுதத் தெரியவில்லை.

மூன்று மணிக்குள் ஒன்பது குழாய்களின் இடத்தைப் பிடித்துவிட்டேன். பத்தாவது, உப்பளத்தில் வேலை செய்கிற பெண்களுக்கான குழாய். பாத்திகளுக்கு நடுவே ஒரு முழ அகல வரப்பில் நடந்து போக வேண்டும். தலையில் உப்புக் கூடையோடு எதிரே வந்த பெண் ஒதுங்கச் சொன்னார். ஒதுங்கினேன். நான் விழவில்லை. கையிலிருந்த கருவி வாய்க்கால் தண்ணீருக்குள் போய்விட்டது.

கடலை விடப் பத்து மடங்கு கரிக்கும் தண்ணீர் அது. துடைத்தேன், ஊதினேன், வெயிலில் காட்டினேன். செத்த கருவி செத்ததுதான். இரவல் கொடுத்தவர் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

கடற்கரைப் பக்க டீக்கடையில் உட்கார்ந்து அதைத் தட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து பெஞ்சில் வலையோடு இருந்த ஒருவர் கையை நீட்டி வாங்கிப் பார்த்தார். பின்பக்க மூடியைத் திறந்து பேட்டரியைத் தள்ளினார். கூடவே ஒரு மடக்கு உப்புத் தண்ணீரும் கொட்டியது. என் வயதுதான் இருக்கும், நாற்பதை ஒட்டி. பெயர் சீனி முகம்மது. நாட்டுப்படகு வைத்துக் கடலுக்குப் போகிறவர். இது இனிமேல் பேப்பர் பறக்காமல் வைக்கத்தான் ஆகும் என்றார். பிறகு, தன் பையிலிருந்து அதே கம்பெனிக் கருவியை எடுத்துக் காட்டினார். நாங்கள் மதுரையில் ஏதோ பெரிய விஞ்ஞானம் என்று ஏழு பேருக்கு ஒன்று வைத்துச் சுற்றுகிறோம். இங்கே முக்கால்வாசிப் படகில் ஒன்று கிடக்கிறது.

கடலில் இதற்கு என்ன வேலை என்று கேட்டேன். கடலுக்கு அடியில் பாறைத் திட்டுகள் இருக்கின்றன, பார் என்பார்கள், அங்கேதான் மீன் கூடும் என்று சொன்னார். பாரைத் தேடிக் கண்டுபிடிக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். ஒருவர் கண்டுபிடித்த பாரை இன்னொருவருக்குச் சொல்ல மாட்டார், கூடப் பிறந்தவராக இருந்தாலும். விசைப்படகுக்காரர்களுக்குத் தெரிந்தால் ஒரே நாளில் வலையைப் போட்டு வழித்துக்கொண்டு போய்விடுவார்கள், அப்புறம் அது வெறும் கல். அதனால் அவரவர் பார் அவரவர் கருவிக்குள்.

நான் எதற்கு வந்தேன் என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் பட்டியலைப் புரட்டினார். பிறகு தன் கருவியை என் கையில் வைத்தார்.

"நாளைக்கு வெள்ளிக்கெழம, கடலுக்குப் போக மாட்டோம். சனிக்கெழம வலை பாக்கணும். ஞாயித்துக்கெழம வெள்ளன எனக்கு வேணும், அதுக்குள்ள தந்துருங்க" என்றார். "உள்ள நம்ம பாரெல்லாம் கெடக்கு. அத மட்டும் அழிச்சுடாதீக."

ஊர், பேர், போன் நம்பர் எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் எழுதிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை

ராமநாதபுரத்தில் என் சித்தி மகள் வீட்டில் படுத்து எழுந்து, காலை எட்டரைக்கு மறுபடி வாலிநோக்கம். அன்று எனக்குத் துணை சீனியின் மனைவி ரஹ்மத். பட்டியலை நான் வாசிக்க, அவர் இடத்தைக் காட்டினார். எந்தக் குழாயில் எந்தக் கிழமை தண்ணீர் வரும், எதில் வந்தால் உப்பு, எதில் வந்தால் துணி துவைக்க மட்டும், எல்லாம் அவர் விரல் நுனியில் இருந்தது. பட்டியலில் இல்லாத நான்கு குழாய்களைக் காட்டினார். பட்டியலில் மட்டும் இருக்கிற மூன்றைத் தேடச் சொல்லி என்னை அலையவிட்டு, பிறகு சிரித்தார். அந்த மூன்றும் போடவே இல்லையாம்.

நான் சும்மா நடந்தேனா? வழியெல்லாம் பிரசங்கம். எதையும் ஒளித்து வைக்கக் கூடாது, எல்லாம் எல்லாருக்கும் தெரிய வேண்டும், தெரிந்தால் எவனும் ஏமாற்ற முடியாது. அவர் தலையில் போட்ட துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தார். கடைசிக் குழாயடியில் குடத்தை இறக்கி வைத்து, தனக்குத் தம்பி ஒருவன் இருந்தான், உங்களை மாதிரியே ஓயாமல் பேசுவான், கடலில் மூழ்கி மவுத்தாகிவிட்டான் என்றார். குடத்தை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வீடு வரை போனேன்.

மத்தியானம் ஊளி மீன் குழம்பு. ஜும்ஆ முடிந்து வந்த சீனி, நான் இரண்டாவது முறை சோறு வாங்கியதைப் பார்த்துவிட்டு, மதுரையில் மீனே கிடையாதா என்று கேட்டார். உங்கள் ஊர் மீன்தான் அங்கே வருகிறது, வரும்போது அதற்கு என் வயதாகிவிடுகிறது என்றேன். செத்த கருவியோடு போன ஒன்பதையும் மறுபடி எடுத்து, சாயங்காலத்துக்குள் இருபத்தேழு குழாய் முடிந்தது.

சனிக்கிழமை, பகல் 11.45

கீழக்கரையில் ஒரு பிரவுசிங் சென்டர், மணிக்கு இருபது ரூபாய். பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போய்விடும், அப்புறம் இரண்டு மணிக்குத்தான் வரும் என்று கடைக்காரர் முதலிலேயே எச்சரித்தார். வயரை மாட்டினேன். கருவிக்குள் இருப்பதெல்லாம் கம்ப்யூட்டருக்கு இறங்கியது. சீனி சொன்னபடி எதையும் அழித்துவிடக் கூடாதே என்ற கவலையில் ஒவ்வொரு பட்டனையும் இரண்டு தடவை படித்துத்தான் அழுத்தினேன். பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு வரைபடத்தில் ஏற்றினேன். "நன்றி" என்று திரையில் வந்தது, ஃபேன் நின்றது.

கருவியைக் கொண்டுபோய் ரஹ்மத் கையில் கொடுத்து, ஒரு புள்ளியைக்கூட அழிக்கவில்லை, பாயிடம் சொல்லுங்கள் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு ராமநாதபுரம் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 8.30

சித்தி மகளின் வீட்டுக்காரருக்கு என் வேலையைக் காட்டிப் பீற்றிக்கொள்ளலாம் என்று அரண்மனைப் பக்கம் ஒரு சென்டருக்கு அவரை இழுத்துப் போனேன். வரைபடம் மெல்ல விரிந்தது. வாலிநோக்கத்தில் இருபத்தேழு நீலப் புள்ளிகள். பார்த்தீர்களா என்றேன்.

"கடலுக்குள்ளயும் கொழா இருக்கா?" என்று கேட்டார் அவர்.

ஊருக்குத் தெற்கே, தண்ணீரில், முப்பத்தொரு புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷ் எழுத்தில் பேர். "பெரிய பார்." "வாப்பா பார்." "ரஹ்மத்." "காசிம்." "சின்னது."

அழிக்கக் கூடாது என்பதிலேயே குறியாக இருந்தேனே தவிர, சேர்த்து அள்ளிக்கொண்டு போகிறோமே என்று இந்த மரமண்டைக்குத் தோன்றவே இல்லை. ஒரு மனிதர் தன் அண்ணன் தம்பிக்குக்கூடச் சொல்லாத இடங்களை, பெண்டாட்டி பேரை வைத்துப் பொத்திப் பாதுகாத்த இடத்தை, உலகம் முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டேன். இருபது மணி நேரமாக அது அங்கே கிடக்கிறது.

முப்பத்தொன்றையும் ஒவ்வொன்றாக நீக்கினேன். ஆனால் அந்த வரைபடத்தில் நீக்கினாலும் பழைய பதிப்பு பத்திரமாக இருக்கும், தேடினால் கிடைக்கும். எதுவும் மறையாது, அதுதான் அதன் அழகு என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! அன்றைக்கு அந்த அழகைப் பார்க்கச் சகிக்கவில்லை. போனில் சொல்கிற விஷயமா இது? ஒன்பதேகால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். ஏர்வாடி தாண்டும்வரை அழுகையை அடக்கியிருந்தேன், அதற்கு மேல் முடியவில்லை. பக்கத்து சீட் அம்மாள் யாரும் தவறிவிட்டார்களா என்று விசாரித்தார்.

ஞாயிறு, பகல் 11.00

சீனி கடலில் இருந்தார். ரஹ்மத்திடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டினேன். அவர் சாயா போட்டுக் கொடுத்தார். கருவிக்குள் தன் பேர் இருக்கிறது என்று சொன்னபோது மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபப்படவில்லை, பதறவில்லை, திட்டவுமில்லை. அவுக வரட்டும், அவுககிட்டயே சொல்லுங்க என்றார். எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது. இன்னொரு சாயா வந்தது. பிறகு ஒரு தட்டில் ரொட்டி வந்தது. தண்டனைக்கு முன்னால் சாப்பாடு போடுகிற வீடு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அதையும் தின்றேன்.

ஒன்றரை மணிக்குப் படகு கரைக்கு வந்தது. மீனை இறக்கிக் கூடையில் போடும்வரை காத்திருந்து, மணலிலேயே நின்று சொன்னேன். சீனி கேட்டுக்கொண்டே கயிற்றைச் சுருட்டினார். முழுவதும் சுருட்டிய பிறகு, எத்தனை புள்ளி போனது என்றார். முப்பத்தொன்று என்றேன். தலையைத் திருப்பி, பின்னால் நின்ற மனைவியைப் பார்த்தார்.

"நீ சொல்லலையா?"

"நீங்கதான் சொல்லணும். நானா சொல்றது?" என்றார் ரஹ்மத். துப்பட்டி நுனி வாயில் இருந்தது. சிரிப்பை அதற்குள் அடக்கிக்கொண்டிருந்தார்.

கருவிகள் களவு போகும், எல்லா ஊரிலும் நடப்பதுதான் என்று சீனி விளக்கினார். கருவிக்காகத் திருடுகிறவன் பாதி, உள்ளே இருக்கும் பாருக்காகத் திருடுகிறவன் பாதி. அதனால் விவரமான ஆள் எவனும் பாரை அதன் உண்மையான இடத்தில் போட்டு வைக்க மாட்டான். ஒரு திசையில் ஓர் அளவு தள்ளித்தான் பதிந்து வைப்பான். எந்தத் திசை, எவ்வளவு என்பது அவனவன் மண்டைக்குள். சீனியின் கணக்கு அவருக்கும் ரஹ்மத்துக்கும் மட்டும் தெரியும். என் வரைபடத்தைப் பார்த்துப் போகிற விசைப்படகு வெறும் சேற்றில் வலையை இழுத்துவிட்டுத் திரும்பும்.

"அதனாலதான் அன்னைக்கி அழிச்சுடாதீகன்னு மட்டும் சொன்னேன்" என்றார்.

மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆனந்தமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இரண்டரை மணி நேரம் என்னை அழவிட்டு வேடிக்கை பார்த்தீர்களே என்று ரஹ்மத்திடம் சண்டைக்குப் போனேன். வீட்டுக்காரரின் கணக்கை வெளியாளிடம் எப்படிச் சொல்வது, அதனால்தான் அழுகைக்கு ரொட்டி கொடுத்தேனே என்றார்.

நான் முப்பத்தொன்றையும் நீக்கிவிட்டேன், இனி வரைபடத்தில் ஒன்றும் இல்லை, நிம்மதியாக இருங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். சீனியின் முகம் மாறியது.

காசிமையுமா நீக்கினீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதைத் திரும்பப் போடுங்கள் என்றார். எனக்குப் புரியவில்லை. ரஹ்மத் இப்போது சிரிக்கவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காசிம் ரஹ்மத்தின் தம்பி. கரையிலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு முழம் கீழே, தலை காட்டாமல் ஒரு பாறை கிடக்கிறது. அதில் மோதித்தான் அவன் வள்ளம் உடைந்தது. அந்த ஒரு புள்ளியைச் சீனி தள்ளிப் பதியவில்லை. கருவிக்குள் இருந்த முப்பத்தொன்றில் அது ஒன்றுதான் நிஜமான இடத்தில் இருந்தது.

கருவி களவு போனால் அந்த இடமும் திருடனுக்குத் தெரிந்துவிடுமே என்று, டைப்பிஸ்டு புத்தியோடு கேட்டேன்.

"தெரியட்டும்க்கா. களவாண்டுட்டுப் போறவனும் உசுரோட வீடு போய்ச் சேரணும்ல."

மூன்று நாளாக நான் நடந்து நடந்து பேசிய பேச்சை நினைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலவும் இருந்தது. கும்பிட்டால் என்னைக் கேலி செய்வார் என்று சும்மா இருந்தேன். கருவியைத் திறந்து காசிமின் எண்களை அவர் படிக்க, ஜெராக்ஸ் கட்டின் கடைசிப் பக்கத்தில், பின்புறம், எழுதிக்கொண்டேன். சரிதானா என்று பார்க்க மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னேன். அந்தத் தடவை ரஹ்மத் படித்தார்.

ஞாயிறு, மாலை 4.30

திரும்பும் வழியில் கீழக்கரையில் இறங்கினேன். நல்லவேளையாகக் கரண்ட் இருந்தது. எண்களை அடித்ததும் நீலத்தில் ஒரே ஒரு புள்ளி வந்து உட்கார்ந்தது. "காசிம் பாறை. நீருக்கடியில் உள்ளது. படகுகள் விலகிச் செல்லவும்" என்று தமிழில் எழுதினேன்.

மதுரையில் என் கடைச் சுவரில் இப்போது அந்தக் கடற்கரையின் படம் ஒட்டியிருக்கிறது. மனு அடிக்க வருகிறவர்கள் கடலுக்குள் ஏன் தனியாக ஒரு புள்ளி என்று கேட்பார்கள், எல்லாருக்கும் சொல்கிறேன். எதையும் ஒளிக்கக் கூடாது என்ற பழைய பிரசங்கத்தை மட்டும் நிறுத்திவிட்டேன். எங்கள் ஊர்ப் பீரோக்களில் பூட்டிக் கிடக்கிற காகிதங்களில் எது பார், எது பாறை என்று இப்போதெல்லாம் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் ஸ்டாம்பு ஒட்டுகிறேன். பெரும்பாலும் பாறையாகத்தான் இருக்கிறது.

அந்த வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே ஆதாரம் என்று ஒரு கட்டம் உண்டு. இருபத்தேழு குழாய்களுக்கும் அதில் "அரசுப் பட்டியல், நேரில் பார்த்தது" என்று எழுதியிருந்தேன், பட்டியலில் இல்லாத நான்குக்கு மட்டும் "நேரில் பார்த்தது". அன்று கீழக்கரையில் இந்த இருபத்தெட்டாவதுக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல், சீனிக்குப் போன் போட்டு உங்கள் பேரை எழுதட்டுமா என்று கேட்டேன். தன் பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனை மனைவியிடம் கொடுத்தார். ரஹ்மத் சொன்னதை அப்படியே எழுதினேன்: "அவன் அக்கா சொன்னது."